காண்டாமிருக எலும்பு கண்ட புரூஸ் ஃபூட்

மைசூர் சமஸ்தானம் 1894-ம் ஆண்டு பெங்களூரில் புவியியல் இலாகாவைத் தொடங்கியது. அதற்குத் தலைமை வகிக்க அழைக்கப்பட்டவர் 60 வயதை எட்டிக்கொண்டிருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்ததை முதலில் நிரூபித்தவர் என்று அவரை அறிந்தவர்கள் பலர். தென்னாட்டில் வாழ்ந்து அழிந்த விலங்குகளின் வரலாற்றுக்கும் அவரே வழிகாட்டி என்பது அவ்வளவாகத் தெரியாத செய்தி.

இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் 1834-ல் பிறந்தவர் ஃபூட். 1858-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர்.

பல்லாவரத்துக் கல்

அப்போது ஐரோப்பா பரபரப்பாக இருந்தது. உயிரினங்களின் தோற்றம் பற்றிய டார்வினின் நூல் 1859-ல் வெளிவந்தது. பிரான்சில் சோம் ஆற்றுப் படுகையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு மனிதன் செய்த கற்கருவிகளும் கிடந்ததை அறிஞர்கள் ஏற்றுக்கொண்டதும் அதே ஆண்டில்தான். இச்செய்தி ஃபூட்டின் மனத்தில் பதிந்தது.

1863 மே 30-ந் தேதி பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழி ஒன்றில் அவர் கண்ணில் ஒரு கல் பட்டது. அது கையில் பிடித்து வெட்டுவதற்காகச் செதுக்கிய கருவி! நான்கு மாதங்களில் சக அதிகாரி வில்லியம் கிங்குடன் சென்று, கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகளைக் கண்டெடுத்தார். அவற்றின் வயதை அளக்க அன்று வழியில்லை. அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்பதை 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது.

கோகாக் எலும்புகள்

கருவி கிடைத்தது; அந்தக் காலத்து விலங்கு எங்கே? பெங்களூரில் தேடிப் பயனில்லை. லால்பாக் குன்றின் பாறை சுமார் 300 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் கடும் வெப்பத்தில் உருவானது. அதில் எலும்பு இராது. ஆற்று வண்டலிலும் குகை மண்ணிலும்தான் எலும்பு தங்கும்.

இன்றைய பெலகாவி மாவட்டம் கோகாக் அருகே, ஓடைக்கரைக் களிமண்ணில் காண்டாமிருக எலும்புகள் ஃபூட்டுக்குக் கிடைத்தன. அதற்குத் தக்காணத்தின் பெயரையே சூட்டி 1874-ல் நூல் வெளியிட்டார். பின்னர் கர்நூல் பகுதியின் பில்லசுர்க்கம் குகைகளை, தம் மகனின் உதவியோடு 1880-களில் தோண்டச் செய்தார். அங்கும் காண்டாமிருகம் இருந்தது. இன்று ஆப்பிரிக்காவில் மட்டுமே வாழும் புள்ளிக் கழுதைப்புலியும் அடையாளம் காணப்பட்டது.

பூமியில் ஐந்து முறை பேரழிவு நேர்ந்து உயிரினங்கள் கூட்டங்கூட்டமாக மறைந்தன. கடைசிப் பேரழிவு 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்தது. டைனோசர்கள் அழிந்ததும், அரியலூரில் கல்லாகிக் கிடைக்கும் அம்மோனைட் என்னும் கடலுயிர்கள் அடியோடு மறைந்ததும் அப்போதுதான். கோகாக் காண்டாமிருகம் அத்தகைய பேரழிவில் போனதன்று; அது மிகவும் பிற்காலத்தது. பேரழிவு வராமலேயே ஒரு நாட்டின் விலங்கு சுவடில்லாமல் போகலாம் என்பதே அந்த எலும்புகள் தரும் பாடம்.

தங்கமும் கற்களும்

தென்னாட்டில் தங்கம் தரும் பாறைத் தொகுதியைப் பிரித்தறிந்து, அதற்குத் தார்வார் என்று பெயரிட்டவரும் ஃபூட்டே. 2001-ல் மூடப்படும் வரை பல தலைமுறைத் தமிழர்கள் உழைத்த கோலார் தங்கச் சுரங்கம் அவ்வகைப் பாறையில் அமைந்ததாகும்.

பழைய கற்கால மக்களுக்கும் புதிய கற்கால மக்களுக்கும் இடையே நீண்ட இடைவெளி இருந்தது என்று அவர் கருதினார். பிற்கால அகழாய்வுகள் அந்த இடைவெளியை நிரப்பிவிட்டன. ஆனால் அவர் சேர்த்த சான்றுகள் நிலைத்தன. ஏற்காட்டில் தங்கியிருந்த அவரிடமிருந்து அந்தக் கருவிகளைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904-ல் விலைக்கு வாங்கியது.

1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் ஃபூட் காலமானார். இன்று இந்தியக் காண்டாமிருகத்தைக் காண அஸ்ஸாம் போன்ற வடபுலக் காடுகளுக்குத்தான் போக வேண்டும். கன்னட நாட்டிலும் ஒரு காண்டாமிருக இனம் மேய்ந்தது என்பதற்கு, அவர் மண்ணிலிருந்து எடுத்துவைத்த எலும்புகளே சாட்சி.