அவையில் இருக்கை, உணவகத்தில் தடை: ஆஸ்கர் டி பிரீஸ்ட்

ஆஸ்கர் டி பிரீஸ்ட் 1871இல் அலபாமாவில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோருக்குப் பிறந்தார். சிகாகோவில் வீடுகளுக்கு வண்ணம் பூசிப் பிழைத்தவர், 1915இல் அந்நகர மன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானார். 1928 தேர்தலில் வென்று, 435 பேர் கொண்ட அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் ஒரே கறுப்பினத்தவராக அமர்ந்தார்.

1934இல் அவருடைய செயலாளருக்கு அவை உணவகத்தில் உணவு மறுக்கப்பட்டது. விசாரணை கோரிய தம் தீர்மானம் குழுவில் முடக்கப்பட்டபோது, அதை அவைக்குக் கொணர 145 உறுப்பினர்களின் கையொப்பம் திரட்டினார். விசாரணைக் குழுவின் பெரும்பான்மையோ தடையை நியாயப்படுத்தியது. அவ்வாண்டே தேர்தலில் தோற்றார், 1951இல் மறைந்தார்.

இருக்கை மட்டுமே சமத்துவம் ஆகாது என்பதை அவர் வாழ்வில் நாம் காண்கிறோம். ஆயினும், அவ்விருக்கை இன்றி அந்த 145 கையொப்பங்களைத் திரட்டியிருக்க இயலாது என்பதையும் நாம் மறத்தலாகாது.