செங்கல்லில் ஓர் அறம் – லாரி பேக்கர்

நுழையும்முன்
பள்ளி, மருத்துவமனை, நூலகம் முதலிய பொதுக் கட்டடங்கள் மக்களின் பணத்தில் எழுகின்றன. ஒரு கட்டடத்தில் வீணாகும் செங்கல், வேறோர் ஊருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வகுப்பறையின் ஒரு பகுதியாகும். கட்டடக்கலையில் சிக்கனம் என்பது கஞ்சத்தனமன்று, அறம் என வாழ்ந்து காட்டியவர் லாரி பேக்கர்.

இளமையும் திருப்பமும்
இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1917ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் பேக்கர் பிறந்தார். அந்நகரிலேயே கட்டடக்கலை பயின்று 1937இல் பட்டம் பெற்றார். எளிமையையும் அமைதியையும் போற்றும் குவேக்கர் நெறியைப் பின்பற்றிய அவர், இரண்டாம் உலகப்போரின்போது படைக்கலம் ஏந்தாமல் மருத்துவ உதவிக் குழுவில் இணைந்து சீனாவுக்குச் சென்றார். அங்குத் தொழுநோயாளிகளுக்கும் தொண்டு செய்தார்.

தாயகம் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். துணித் துண்டுகளால் பேக்கர் தைத்து அணிந்திருந்த காலணிகள் காந்தியடிகளைக் கவர்ந்தன. ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பனவாக இருத்தல் நன்று என்னும் காந்தியடிகளின் கருத்து, பேக்கரின் உள்ளத்தில் வித்தாக விழுந்தது. 1945இல் தொழுநோயாளர் நலப்பணிக்காக அவர் மீண்டும் இந்தியா வந்தார்.

மலை தந்த பாடம்
1948இல் கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத்தை மணந்தார். இருவரும் இமயமலைப் பகுதியிலுள்ள பித்தோராகருக்குச் சென்றனர். மருத்துவ வசதியின்றி வாடிய அவ்வூர் மக்களை விட்டுப் பிரிய மனமின்றி அங்கேயே தங்கினர். மனைவி நோய் தீர்க்க, கணவர் மருத்துவமனையும் பள்ளிகளும் கட்டினார்.

கல்லூரியில் கற்ற கட்டுமான முறைகள் அங்குப் பெரிதும் பயன்படவில்லை. மண், கல், மரம் ஆகியவற்றைக் கொண்டு உள்ளூர் மக்கள் கட்டிய வீடுகள் குளிரையும் மழையையும் தாங்கி நிற்பதைக் கண்டார். எழுதப் படிக்கத் தெரியாத கொத்தனார்களைத் தம் ஆசிரியர்களாக ஏற்றார். 1963இல் கேரளத்துக்கு இடம்பெயர்ந்தபோது, அம்மலை மக்களின் பட்டறிவும் அவருடன் வந்தது.

பொதுக் கட்டடங்களில் புதுமை
திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையம் அவரது புகழ்மிக்க படைப்பாகும். நிலத்தைச் சமன்படுத்தாமல், மேடுபள்ளங்களுக்கு ஏற்பக் கட்டடங்களை வளைத்து அமைத்தார், மரங்களைக் காத்தார். இடைவெளிகள் விட்டு அடுக்கிய செங்கற்சுவர்கள் வெயிலைத் தடுத்துக் காற்றையும் மெல்லிய ஒளியையும் உள்ளே விட்டன. சுவர்கள் பூச்சின்றி நின்றதால் சிமெண்டும் வண்ணமும் மிச்சமாயின.

தெரியுமா?
செங்கற்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது எலிப்பொறிக் கட்டு எனப்படும். இம்முறையில் ஏறத்தாழ 25 விழுக்காடு செங்கல் மிச்சமாகும். வெற்றிடத்திலுள்ள காற்று, வெளிவெப்பம் உள்ளே பரவுவதைக் குறைக்கும். கூரையின் கான்கிரீட்டில் பளு தாங்காத அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதிப்பதும் பேக்கர் பரவலாக்கிய உத்தியாகும்.

ஐயமும் விடையும்
பூசாத சுவர் முடிவுறாத வேலைபோல் தோன்றுவதாகப் பலர் கருதினர். செலவு குறைந்தால் உறுதியும் குறையும் எனப் பொறியாளர் சிலர் ஐயுற்றனர். பேக்கர் சொற்போர் நிகழ்த்தாமல், பணியிடத்தில் கொத்தனார்களுடன் நின்று கட்டிக் காட்டினார். பயன்படுத்திய தாள்களின் பின்புறத்தில் வரைபடம் வரைந்தார். தம் அறிவு தம்மோடு முடியலாகாது எனக் கருதி, அனைவருக்கும் விளங்கும் கையேடுகளைப் படங்களுடன் எழுதினார். 1985இல் ஊரக வளர்ச்சிக்கான 'காஸ்ட்ஃபோர்டு' நிறுவனம் உருவாகத் துணைநின்றார். இந்தியக் குடியுரிமை பெற்ற அவருக்கு 1990இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

2007ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், தம் தொண்ணூறாம் அகவையில் திருவனந்தபுரத்தில் மறைந்தார். புவி வெப்பமடையும் இந்நாளில், எரிபொருளைப் பெருமளவு விழுங்கி உருவாகும் சிமெண்டையும் இரும்பையும் அளவோடு பயன்படுத்துவது காலத்தின் கட்டாயமாகிவிட்டது. அதற்கான வழியைப் பேக்கரின் சுவர்கள் முன்னரே காட்டி நிற்கின்றன.

கற்பவை கற்றபின்
1. உங்கள் வகுப்பறையில் காற்றும் வெளிச்சமும் வரும் திசைகளை உற்றுநோக்கி, வெப்பத்தைக் குறைக்கும் வழிகளை வகுப்பில் கலந்துரையாடுக.
2. உத்திரமேரூர் வட்டத்து மானாம்பதி போன்ற ஒரு சிற்றூரில் பள்ளி கட்டுவதாகக் கொண்டு, ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கக்கூடிய கட்டுமானப் பொருள்களை ஊரிலுள்ள கொத்தனார்களிடம் கேட்டறிந்து தொகுக்க.