பகிர்ந்தளித்த பெருந்தகை இராமானுசர்

அரிதின் முயன்று பெற்ற பொருளை மறைத்துக் காப்பது உலகியல்பு. அதனைப் பிறர்க்கு வழங்கி மகிழ்வது சான்றோர் இயல்பு. இவ்வியல்பைத் தத்துவமாக வகுத்ததோடு வாழ்ந்தும் காட்டியவர் இராமானுசர்.

அவர் 1017ஆம் ஆண்டு திருப்பெரும்பூதூரில் தோன்றினார் என்பது மரபு. காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். அவர் உரைத்த பொருள் உடன்பாடாகாமையால் விலகினார். அந்தணர் அல்லாத திருக்கச்சி நம்பிகளை வழிகாட்டியாகக் கொண்டார். பின்னர்த் துறவு பூண்டு திருவரங்கம் சேர்ந்து வைணவத் தலைமையை ஏற்றார்.

எட்டெழுத்து மந்திரத்தின் உட்பொருளைக் கற்க, அவர் திருக்கோட்டியூர் நம்பியை நாடி 18 முறை நடந்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. பிறர்க்கு உரைப்பின் நரகமே என்னும் எச்சரிக்கையுடன் அது கிடைத்தது. அவரோ திருக்கோட்டியூர்க் கோயிலில் உயர நின்று, கூடியிருந்த அனைவர்க்கும் அதனை உரைத்தார். தாம் ஒருவர் நரகம் புகினும் பலர் உய்வரே என்று விடையளித்தார். சினந்து வந்த ஆசிரியர் மனம் நெகிழ்ந்து அவரைத் தழுவிக்கொண்டார்.

இச்செயல் உணர்ச்சி வேகத்தில் எழுந்ததன்று. அவர்தம் விசிட்டாத்துவைதக் கொள்கையோடு இயைந்தது. உலகம் பொய்த்தோற்றம் அன்று. உயிர்களும் உலகும் இறைவனுக்கு உடல், இறைவன் அவற்றுக்கு உயிர் எனப் பிரம்ம சூத்திர உரையாகிய ஸ்ரீபாஷ்யத்தில் அவர் நிறுவினார். எல்லோரும் ஒரே உடலின் உறுப்புகள் எனின், எவரை நாம் இழிந்தவர் என ஒதுக்குவது? காவிரியில் நீராடித் திரும்புகையில், தாழ்ந்த குலத்தவரெனக் கருதப்பட்ட உறங்காவில்லிதாசரின் கைபற்றி அவர் நடந்ததாகக் கூறுவதும் இக்கருத்தையே விளக்கும்.

வடமொழியில் நூல் செய்த அவர், தமிழையும் வேதமாகவே போற்றினார். நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்குத் தம் மாணவர் திருக்குருகைப்பிரான் பிள்ளானைக் கொண்டு உரை இயற்றுவித்தார். 1137ஆம் ஆண்டு திருவரங்கத்தில் மறைந்தார் என்பர்.

அயல்மண்ணில் வாழும் நமக்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? நாம் அறிந்த தமிழும் மெய்யறிவும் நம் நெஞ்சிலேயே பூட்டிக்கிடப்பின் நம்மோடு முடிந்துவிடும். வாரத்தில் ஒருநாள் பள்ளிக்கு அனுப்புவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. ஏன், எதற்கு என்று பிள்ளைகள் வினவும்போது விடை கூற நேரமில்லை என்று நாமே கதவை அடைக்கலாமா? ஒரு பொருளை அறிய 18 முறை நடந்தார் அப்பெருந்தகை. நம் பிள்ளைகள் 18 முறை கேட்பினும், சலிப்பின்றி 18 முறையும் சொல்வோமாக!