சுந்தரம் கரிவரதன்

சுந்தரம் கரிவரதன் (1954 – ஆகஸ்ட் 24, 1995) தமிழ்நாட்டின் கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழிலதிபர், தானுந்துப் பந்தய ஓட்டுநர், பந்தயத் தானுந்து வடிவமைப்பாளர் ஆவார். கரி என்ற சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்பட்டவர். உள்நாட்டில் கிடைத்த பொருட்களைக் கொண்டு குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயத் தானுந்துகளை உருவாக்கி, செல்வந்தர்களின் பொழுதுபோக்காக இருந்த இவ்விளையாட்டை மற்ற இளைஞர்களும் எட்டும்படி செய்தவர் என்று இவர் நினைவுகூரப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

கோயம்புத்தூரில் 1910 இல் தொடங்கப்பட்ட லட்சுமி மில்ஸ் நிறுவனத்தை நடத்திய குடும்பத்தில் கரிவரதன் பிறந்தார். நூற்பாலைகளுக்குத் தேவையான உதிரிப் பாகங்களைச் செய்யும் வார்ப்படச் சாலைகளும் கடைசல் பட்டறைகளும் இந்நகரில் பெருகியிருந்தன. இயந்திரத் தொழிலில் தேர்ந்த கைவினைஞர்கள் இங்கு எளிதில் கிடைத்தனர். பிற்காலத்தில் கோயம்புத்தூர் இந்தியத் தானுந்துப் பந்தயத்தின் முக்கிய மையமாக வளர்ந்ததற்கு இச்சூழலும் ஒரு காரணமாகும். கரிவரதன் முதலில் ஓட்டுநராகவே பந்தயத்துக்கு வந்தார். சென்னைக்கு அருகிலுள்ள சோழவரத்தில் நடைபெற்ற பந்தயங்களில் இவர் கலந்துகொண்டார்.

ஐரோப்பியப் பின்னணி

கரிவரதனின் பணியை விளங்கிக்கொள்ள ஐரோப்பியப் பந்தய வரலாறு உதவும். தானுந்துப் பந்தயங்கள் 1890களில் பிரான்சில் தோன்றின. தொடக்கத்தில் இவை ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்குப் பொதுச் சாலைகளிலேயே நடைபெற்றன. 1903 இல் நடந்த பாரிஸ்–மாட்ரிட் பந்தயத்தில் ஓட்டுநர் மார்செல் ரெனோ உட்படப் பலர் உயிரிழந்ததால், பந்தயம் போர்தோ நகரிலேயே நிறுத்தப்பட்டது. அதன்பின் மூடப்பட்ட சுற்றுப்பாதைகள் முதன்மை பெற்றன. பந்தயத்துக்கென்றே அமைக்கப்பட்ட புரூக்லண்ட்ஸ் சுற்றுப்பாதை 1907 இல் இங்கிலாந்தில் திறக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் பயனற்றுக் கிடந்த வான்படைத் தளங்கள் பந்தயக் களங்களாயின. 1948 இல் பந்தயங்கள் தொடங்கிய சில்வர்ஸ்டோன் இவற்றுள் புகழ்பெற்றது. 1946 இல் கூப்பர் நிறுவனத்தார் 500 கன செ.மீ. மோட்டார் சைக்கிள் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தி மலிவான பந்தயத் தானுந்து ஒன்றைச் செய்தனர். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஸ்டர்லிங் மாஸ் இத்தகைய சிறு தானுந்திலேயே தம் பந்தய வாழ்வைத் தொடங்கினார்.

சோழவரம்

சோழவரமும் போர்க்கால வானூர்தி ஓடுதளமே ஆகும். 1950களிலிருந்து அங்கு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தி வந்தது. எனினும் வெளிநாட்டுத் தானுந்துகளுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடும் கடும் சுங்க வரியும் இருந்தன. இதனால் உயர்தர ஒற்றை இருக்கைத் தானுந்துகளை அரச குடும்பத்தினரும் பெருஞ்செல்வர்களுமே வைத்திருக்க முடிந்தது. மற்றவர்கள் பியட், அம்பாசடர் போன்ற உள்நாட்டுத் தானுந்துகளை மாற்றியமைத்து ஓட்டினர். பணம் மிகுந்தவரிடம் வேகமான வண்டி இருந்த நிலையில், ஓட்டுநரின் திறமையை அளப்பது கடினமாயிற்று.

பார்முலா மாருதி

1983 இல் விற்பனைக்கு வந்த மாருதி 800 இந்நிலையை மாற்ற வழிவகுத்தது. அதன் 796 கன செ.மீ., மூன்று உருளை எஞ்சினைக் கொண்டு கரிவரதன் ஒற்றை இருக்கைத் தானுந்து ஒன்றை வடிவமைத்தார். இதனை அடிப்படையாகக் கொண்டு 1988 இல் பார்முலா மாருதி என்ற பந்தயப் பிரிவு தொடங்கப்பட்டது.

இத்தானுந்தின் எஞ்சின் சாலைகளில் ஓடும் வண்டியினுடையது என்பதால், உதிரிப் பாகங்கள் நாடெங்கும் கிடைத்தன. பழுது நீக்கச் செலவும் குறைந்தது. மேலும், போட்டியிடும் அனைவரும் ஒரே வகை எஞ்சினைப் பயன்படுத்தியதால், வெற்றி பெரும்பாலும் ஓட்டுநரின் திறமையையே சார்ந்தது. கூப்பர் தானுந்துகள் இங்கிலாந்தில் செய்த பணியை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பார்முலா மாருதி இந்தியாவில் செய்தது எனலாம். 1990 இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயப் பாதை திறக்கப்பட்டபின் இப்பிரிவு மேலும் வளர்ந்தது.

மறைவும் நினைவும்

கரிவரதன் ஆகஸ்ட் 24, 1995 அன்று வானூர்தி விபத்தில் காலமானார். தம் உழைப்பின் முழுப் பயனை அவர் காணவில்லை. பார்முலா மாருதியில் தொடக்கப் பயிற்சி பெற்ற கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், 2005 இல் பார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். 2010 இல் இரண்டாவது இந்தியராக அப்பந்தயத்தில் கலந்துகொண்ட சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கும் இப்பிரிவில் ஓட்டியவரே.

கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள செட்டிபாளையத்தில் 2003 இல் திறக்கப்பட்ட 2.1 கி.மீ. நீளப் பந்தயப் பாதைக்குக் கரிவரதனின் நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே எனப் பெயரிடப்பட்டது. சில்வர்ஸ்டோன், சோழவரம் ஆகியவற்றைப் போலவே இவ்விடமும் முன்பு வானூர்திகள் இறங்கிய தளமாகும். இங்கு இறங்கியவை சிறு இலகு வானூர்திகள்.