இரண்டு கப்பல்களில் ஏற முடியாது: எம்.ஜே. கோபாலனின் வாழ்க்கை



ஒரு விளையாட்டில் சிறந்து விளங்குவதே அரிது. இரண்டில் நாட்டுக்காக ஆடுவது அதனினும் அரிது. அமெரிக்காவில் போ ஜாக்சன் என்பவர் 1980களின் பிற்பகுதியில் பேஸ்பாலிலும் அமெரிக்கக் கால்பந்திலும் புகழ்பெற்று விளங்கினார். பேஸ்பால் பருவம் முடிந்ததும் கால்பந்து அணிக்குச் சென்றுவிடுவார். 1991 சனவரியில் இடுப்பில் அடிபடும் வரை இரண்டும் அவருக்குக் கைகூடின.

அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே நம் தமிழ் மண்ணில் அப்படியொரு வீரர் இருந்தார். மொரப்பாக்கம் ஜோசியம் கோபாலன் என்ற எம்.ஜே. கோபாலன், கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர். ஜாக்சனுக்கு வாய்த்த வசதி அவருக்கு வாய்க்கவில்லை. இரண்டு விளையாட்டுகளும் ஒரே கோடையில் அவரை அழைத்தன.

கோபாலன் 1909 சூன் 6ஆம் நாள், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மொரப்பாக்கம் சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது சென்னைத் திருவல்லிக்கேணியில். அங்கே தெருவுக்குத் தெரு பந்தும் மட்டையுமாகப் பிள்ளைகள் திரிந்த காலம் அது. அவருடைய வேகப்பந்து வீச்சைக் கண்ட சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர், பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைக்க உதவினார். அக்காலத்தில் விளையாட்டு யாருக்கும் சோறு போடவில்லை. மாதச் சம்பளம் தரும் வேலை ஒன்று இருந்தால்தான் ஓர் இளைஞன் கவலையின்றி மைதானத்துக்குப் போக முடியும். திறமையைப் பாராட்டுபவர் பலர்; அந்தத் திறமை வாழ வழி செய்பவர் சிலரே.

1934ஆம் ஆண்டு அவருக்குச் சிறப்பான ஆண்டு. சனவரியில் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் ஆட்டத்தில் இடம் பெற்றார். அடுத்த மாதமே சேப்பாக்கத்தில் சென்னையின் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தது. சொந்த ஊர் மக்கள் முன் ஆடும் அந்த வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதே சேப்பாக்கம் வேறொரு பெருமையை அவருக்காக வைத்திருந்தது. நவம்பர் 4ஆம் நாள் சென்னை அணியும் மைசூர் அணியும் மோதிய ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், முதல் பந்தை வீசியவர் கோபாலன். மைசூர் அணி 48 ஓட்டங்களிலும் 59 ஓட்டங்களிலும் சுருண்டது. சென்னை எடுத்தது 130. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது.

மறு ஆண்டு, 1935இல், கோபாலன் கையில் ஹாக்கி மட்டை. தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய அணியில் அவரும் ஒருவர். அடுத்து 1936 வந்தது. ஆகஸ்டில் பெர்லின் ஒலிம்பிக். அதே கோடையில் கிரிக்கெட் அணியின் இங்கிலாந்துப் பயணம். கடல் கடந்து கப்பலில் போய், மாதக்கணக்கில் தங்கி ஆடிவிட்டு வர வேண்டிய காலம். ஒன்றை எடுத்தால் மற்றதை விட்டே ஆக வேண்டும். கோபாலன் கிரிக்கெட்டை எடுத்தார்.

பெர்லினில் இந்திய ஹாக்கி அணி இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் பெற்றது. இங்கிலாந்தில் நடந்த மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூட கோபாலன் சேர்க்கப்படவில்லை. அதே பயணத்தில் சென்னையைச் சேர்ந்த இன்னொரு இருதுறை வீரரும் இருந்தார். 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடிய கோட்டா ராமஸ்வாமி, தம் 40ஆம் வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 என ஓட்டங்கள் குவித்தார். ஒருவருக்கு நாற்பது வயதில் கதவு திறந்தது. 27 வயதுக்காரருக்கு அது மூடியே இருந்தது.

பிறகும் அது திறக்கவில்லை. உலகப் போர் மூண்டது. 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. இந்தியா அடுத்த டெஸ்ட் ஆடியது 1946இல்தான். அப்போது கோபாலனுக்கு 37 வயது. ஆக, அவருடைய டெஸ்ட் கணக்கு ஒரே ஆட்டம், ஒரே விக்கெட். ஒலிம்பிக் பதக்கம் இல்லை.

பலரும் இந்தக் கதையை இங்கேயே நிறுத்தி, ஐயோ பாவம், தவறாகத் தேர்ந்துவிட்டாரே என்பார்கள். முடிவு தெரிந்த பின் அப்படிச் சொல்வது எளிது. முடிவெடுக்கும் நாளில் எவர் கையிலும் நாளைய செய்தித்தாள் இருப்பதில்லை.

கோபாலனும் அங்கே நின்றுவிடவில்லை. சென்னை அணிக்காகத் தொடர்ந்து ஆடினார், தலைமையும் ஏற்றார். முதல்தர ஆட்டங்களில் 194 விக்கெட்டுகள் எடுத்தார். 1950களில் இந்திய அணியின் தேர்வாளராகப் பணியாற்றினார். தேர்வு செய்யப்படாமல் காத்திருப்பதன் வலியை அறிந்த ஒருவர், பிறரைத் தேர்வு செய்யும் இடத்தில் அமர்ந்தார். 1952-53 முதல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே நடந்த ஆட்டத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைக்காதிருந்த அந்த ஆண்டுகளில், கோபாலன் கோப்பை அந்நாட்டு வீரர்களுக்கு அரியதொரு களமாக அமைந்தது. தமக்கு வாய்ப்புக் குறைந்த ஒருவரின் பெயரால் கடல் கடந்த பலருக்கு வாய்ப்புக் கிடைத்தது.

2003 திசம்பர் 21ஆம் நாள், 94ஆம் வயதில் சென்னையில் அவர் காலமானார். அப்போது உலகில் உயிருடன் இருந்த டெஸ்ட் வீரர்களில் அவரே மூத்தவராகக் கருதப்பட்டார்.

நம் கருங்கல் பகுதியிலும் மாலை நேரம் பந்தைத் துரத்தும் பிள்ளைகள் உண்டு. படிப்பா, விளையாட்டா, இந்தக் கல்லூரியா, அந்த வேலையா என்று அவர்கள் ஒருநாள் நம்மிடம் வந்து நிற்பார்கள். பிறகு அவர்கள் எடுத்த முடிவு கைகொடுக்காமலும் போகலாம். அன்று நாம் குத்திக்காட்டப் போகிறோமா, இல்லை, எடுத்த வழியில் தொடர்ந்து நடக்கத் துணை நிற்கப் போகிறோமா? சிந்திப்போம்.