பேட்ரிக் ரசல்

பேட்ரிக் ரசல் (பழைய நாட்காட்டியின்படி பெப்ரவரி 6, 1726 – ஜூலை 2, 1805) என்பவர் இசுக்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் இயற்கை அறிவியலாளரும் ஆவார். சோழமண்டலக் கரையில் காணப்படும் பாம்புகளை முதன்முதலாக முறையாக ஆராய்ந்து நூலாக்கியவர் என்பதால், இவர் இந்தியப் பாம்பியலின் தந்தை எனக் கருதப்படுகிறார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்திலும் அறிவியல் வழக்கிலும் இவருடைய பெயரே வழங்குகிறது.

இளமையும் அலெப்போவும்

எடின்பரோவில் பிறந்த ரசல் அங்கேயே மருத்துவம் பயின்றார். 1750ஆம் ஆண்டில் சிரியாவின் அலெப்போ நகருக்குச் சென்று, அங்கு மருத்துவராக இருந்த தம் மாற்றாந்தாய்ச் சகோதரர் அலெக்சாண்டர் ரசலுடன் இணைந்தார். 1753இல் சகோதரர் நாடு திரும்பியதும் அவருடைய பணியை இவர் ஏற்றார். 1760 முதல் 1762 வரை அந்நகரைத் தாக்கிய கொள்ளைநோயை நேரில் கண்டு எழுதிய குறிப்புகள் 1791இல் நூலாக வெளிவந்தன. 1777இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

இந்தியாவில் பணி

கிழக்கிந்தியக் கம்பெனியின் விசாகப்பட்டினப் பொறுப்பாளராக இருந்த தம்பி கிளாட் ரசலுடன் 1781இல் இவர் இந்தியா வந்தார். 1785இல் தாவரவியலாளர் கோனிக் இறந்ததையடுத்து, சென்னை அரசாங்கத்தின் கீழ் கருநாடகப் பகுதிக்குரிய இயற்கை அறிவியலாளராக நியமிக்கப்பட்டார். தாவரங்களையும் மீன்களையும் ஆராய்ந்தபோதும், பாம்புக்கடியே இவருடைய தனிக் கவனத்தைப் பெற்றது.

சோழமண்டலக் கரை என்பது வடக்கே ஆந்திரக் கரையிலிருந்து எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் ஆகியவற்றைக் கடந்து தெற்கே நீளும் கிழக்குக் கடற்கரையாகும். இக்கரையில் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகியவற்றுடன் நச்சுடைய கடற்பாம்புகளும் வாழ்கின்றன. எனினும் நிலத்தில் வாழும் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. கடித்த பாம்பு எது என்று அறியாத நிலையில், நஞ்சற்ற பாம்பு கடித்தவர் பிழைத்தால் அது மருந்தின் பயன் என்று கொள்ளப்படும். நச்சுப் பாம்பு கடித்தவரோ அம்மருந்தை நம்பி உயிரிழப்பார். ஆகவே பாம்பை அடையாளம் காணும் வழியைக் கண்டறிவதே ரசலின் முதல் நோக்கமாயிற்று.

ஆய்வுகள்

நச்சுப் பாம்பை எளிதில் காட்டிக்கொடுக்கும் புற அடையாளம் ஏதேனும் உண்டா என இவர் தேடினார். நிறமோ தலையின் வடிவமோ எல்லா இனங்களுக்கும் பொருந்தவில்லை. பற்களைக் கவனமாகச் சோதிப்பதே நம்பத்தக்க வழி என்ற முடிவுக்கு வந்தார். நாய்களையும் கோழிகளையும் பாம்புகளால் கடிக்கச் செய்து, நஞ்சினால் தோன்றும் குறிகளைப் பதிவு செய்தார். அக்காலத்தில் பெரும் புகழ்பெற்றிருந்ததும் பாடாணம் சேர்ந்ததுமான தஞ்சாவூர் மாத்திரையையும் சோதித்து, அதனை நம்புவதற்கில்லை எனக் கண்டார். கண்ணாடி விரியனின் நஞ்சை நல்ல பாம்பின் நஞ்சிற்கு அடுத்த நிலையில் வைத்தார்.

1789இல் இவர் இங்கிலாந்து திரும்பினார். இவருக்குப் பின் வில்லியம் ராக்சுபரோ கம்பெனியின் தாவரவியலாளரானார். சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய ரசலின் நூலின் முதல் தொகுதி 1796இல் வண்ணப்படங்களுடன் வெளிவந்தது. இரண்டாம் தொகுதி 1801 முதல் பகுதி பகுதியாக வெளியிடப்பட்டு, அவர் மறைவிற்குப் பின்னரே நிறைவுற்றது. விசாகப்பட்டினத்தில் திரட்டிய இருநூறு மீன்களைப் பற்றிய நூல் 1803இல் வெளியானது.

உள்ளூர்ப் பெயர்கள்

ரசல் பாம்புகளுக்கு இலத்தீன் பெயர்களைச் சூட்டவில்லை. அப்பகுதி மக்கள் வழங்கிய பெயர்களையே படங்களுடன் குறித்தார். பின்வந்தோர் அப்படங்களைக் கொண்டு அறிவியற் பெயர்களை அமைத்தனர். பங்காரு என்னும் தெலுங்குச் சொல்லையொட்டி இவர் எழுதிய பெயரிலிருந்தே கட்டுவிரியன் பேரினத்தின் பெயரான பங்காரசு தோன்றியது. கண்ணாடி விரியனை இவர் கட்டுக ரேகுல பொட என்ற தெலுங்குப் பெயரால் குறித்திருந்தார். 1797இல் அதற்கு இவருடைய பெயரே சூட்டப்பட்டது.

குழி விரியன்களும் கிலுகிலுப்பைப் பாம்பும்

1804இல் எவரார்டு ஓம் என்ற அறுவை மருத்துவருடன் இணைந்து ரசல் அரச கழகத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சில நச்சுப் பாம்புகளின் மூக்குத் துளைக்கும் கண்ணிற்கும் இடையே காணப்படும் குழிகளைப் பற்றியது அக்கட்டுரை. ரசல் தம் நூலில் விவரித்த பச்சைக் குழி விரியனும் அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்பும் இக்குழிகளை உடைய ஒரே பிரிவைச் சேர்ந்தவை. கண்ணாடி விரியனுக்கு இக்குழி கிடையாது. கிலுகிலுப்பைப் பாம்பு வாலை அதிர்த்து எச்சரிப்பதைப் போல, இது உரத்த சீற்றத்தால் எச்சரிக்கிறது. இக்குழிகள் இரையின் உடல் வெப்பத்தை உணரும் உறுப்புகள் என்பது 1930களில்தான் சோதனைகளால் நிறுவப்பட்டது.

மறைவும் பின்னாள் பயனும்

ரசல் திருமணம் செய்துகொள்ளவில்லை. குறுகிய கால நோய்க்குப் பின் 1805இல் இலண்டனில் காலமானார். பாம்புக்கடிக்கு உண்மையான மருந்தை இவர் காணவில்லை. நஞ்சுமுறி மருந்து 1890களில் ஆல்பர்ட் கால்மெட் முதலியோரின் முயற்சியால்தான் உருவானது. இன்று இந்தியாவில் அம்மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டு தயாரிக்கப்படுகிறது. அதற்கான நஞ்சை, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சேகரித்து வழங்கிவருகிறது. பாம்புகளைப் பிடித்து நஞ்செடுத்தபின் அவற்றை மீண்டும் காட்டில் விட்டுவிடுவது இச்சங்கத்தின் வழக்கம் என்பது குறிப்பிடத்தக்கது.