மேல்முறையீட்டில் வ.உ.சி.

வ.உ.சிதம்பரனார் என்றவுடன் நம் கவியரங்குகளில் எழும் படிமங்கள் இரண்டு. ஒன்று கப்பல், மற்றொன்று செக்கு. கடலில் தொடங்கிய வாழ்வு கல்லுரலில் நைந்தது என்னும் முரண், பாட்டுக்கு எளிதில் வசப்படுவது. நானும் அவ்வாறு பாடியவள்தான். ஆயினும் கப்பலுக்கும் செக்குக்கும் இடையே ஒரு வழக்குக் கட்டு உண்டு. நெல்லை அமர்வு நீதிமன்றத்தினின்றும் சென்னை உயர்நீதிமன்றம் ஏறிய கட்டு அது. அதனைப் பாடியவர் எவரையும் யான் அறியேன். நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அப்பெருமகனாரின் வரலாற்றை அக்கட்டின் வழியே சொல்லிப் பார்க்க விழைகின்றேன்.

1872 செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மகனாகத் தோன்றினார் சிதம்பரனார். தந்தையும் வழக்குரைஞர், மகனும் அத்தொழிலையே மேற்கொண்டார். ஏழைகளின் வழக்குகளைப் பொருள் கருதாது ஏற்றதும், அதிகாரிகளின் முறைகேடுகளை மன்றத்தில் வெளிப்படுத்தியதும் உள்ளூரில் பகையை வளர்க்கவே, 1900-இல் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தார். 1906 அக்டோபரில் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்த கதையை நீங்கள் அறிவீர்கள், விரிக்க வேண்டுவதில்லை.

1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வெற்றி கண்டது. மார்ச் 9-இல் விபின் சந்திரபாலரின் விடுதலையைக் கொண்டாடும் கூட்டம் நடந்தது. மார்ச் 12-இல் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் பத்மநாப ஐயங்காரும் சிறைப்பட்டனர். மறுநாள் நெல்லை கொந்தளித்தது. பிணையில் தாம் மட்டும் வெளிவரும் வாய்ப்புக் கிட்டியபோது, தோழர் உள்ளிருக்கத் தாம் வெளியேற மாட்டேன் என மறுத்தவர் சிதம்பரனார். வழக்குரைஞர் ஒருவருக்கு, வெளியிலிருந்து தம் வழக்கைத் தாமே நடத்தும் நலம் எத்துணைப் பெரிதென்பது தெரியாததன்று.

மாவட்டக் கூடுதல் நடுவர் வாலஸ் தொடக்க விசாரணை நடத்தி வழக்கை அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அமர்வு நீதிபதி பின்ஹே ஜூலை 7-இல் தீர்ப்புரைத்தார். அரச நிந்தனைக்கு ஓர் ஆயுள் தண்டனை. சிவாவுக்கு உணவும் இடமும் அளித்து அவர்தம் பேச்சுக்குத் துணைநின்றமைக்கு மற்றோர் ஆயுள் தண்டனை. ஆயுள் ஒன்று இருபதாண்டெனக் கணக்கிட்டு நாற்பதாண்டு என்று நாடு பேசிற்று. விருந்தோம்பலை இல்லறத்தின் தலையாய கடனாக வைத்த மொழியில், அதற்கே ஓர் ஆயுள் விதிக்கப்பட்டது. சிவாவுக்குப் பத்தாண்டு. செய்தி கேட்ட சிதம்பரனாரின் இளவல் மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். அக்கலக்கம் பின்னர்த் தெளியவேயில்லை. இங்கிலாந்தில் இந்திய அமைச்சராயிருந்த மார்லியே இத்தண்டனை வரம்பு கடந்தது என அரசப் பிரதிநிதி மின்டோவுக்கு எழுதினார்.

தமிழ் படித்த எனக்கு மேல்முறையீடு என்பதன் இயல்பு எளிதில் விளங்கவில்லை. மதுரையில் கோவலனுக்கு முறையீடு இல்லை, விசாரணையே இல்லை. கண்ணகி அரண்மனை வாயிலை அடைந்தபோது தண்டனை நிறைவேறி முடிந்திருந்தது. மீட்பதற்கு உயிர் எஞ்சியிருக்கும்போதே தீர்ப்பை மற்றொருவர் படித்துப் பார்க்க வேண்டும் என்பதே மேல்முறையீட்டின் உட்பொருள். மேல்மன்றத்தார் சாட்சியின் முகத்தைக் காண்பதில்லை. குரல் நடுங்கியதா என்று அறியார். அவர்முன் இருப்பது ஏடு மட்டுமே. ஒரு வகையில் அவர் உரையாசிரியரை ஒத்தவர். முன்னவர் கொண்ட பொருள் மூலத்துக்குப் பொருந்துமா எனச் சொல் சொல்லாகப் பார்ப்பவர்.

எல்லா வழக்குகளிலும் அவர் ஒரே அளவு ஆழம் போவதில்லை. உரிமையியல் வழக்கின் முதல் மேல்முறையீட்டில் நடந்த நிகழ்வையும் சட்டத்தையும் மீண்டும் ஆராயலாம். இரண்டாம் மேல்முறையீட்டில் சட்ட வினாவைத் தாண்டிச் செல்ல இயலாது. வரப்புத் தகராறில் வரப்பு எங்கே என்பதைக் கீழ்மன்றம் முடிவு செய்துவிட்டால், இரண்டாம் முறை மேலேறியவர் அதனை மறுபடி அளக்கச் சொல்வது அரிது. குற்றவியலில் அன்று நிலவிய 1898-ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டம் மேல்மன்றத்துக்குப் பல கதவுகளைத் திறந்து வைத்தது. குற்றத் தீர்மானத்தையே நீக்கி விடுவிக்கலாம், மறுவிசாரணைக்கு அனுப்பலாம், குற்றம் குற்றமாகவே நிற்க, தண்டனையை மட்டும் குறைக்கலாம்.

இவற்றுள் இறுதிக் கதவே சிதம்பரனாருக்குத் திறந்தது. 1908 நவம்பரில் தலைமை நீதிபதி ஆர்னால்டு வொயிட்டும் நீதிபதி மில்லரும் அளித்த தீர்ப்பில் குற்றத் தீர்மானம் அப்படியே நின்றது. ஆயுள்கள் சுருங்கி ஆறாண்டு என்னும் அளவுக்கு வந்தன. சிவாவின் பத்தும் ஆறாயிற்று. அந்தமான் செல்லும் நிலை நீங்கிற்று. இதனை நீதி என்பதா, நீதியின் ஓரம் என்பதா என்று பலமுறை எண்ணியிருக்கின்றேன். பல ஆண்டுகளைத் திருப்பிக் கொடுத்த மன்றம், குற்றவாளி என்னும் ஒரு சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய பின்னைய வாழ்வைக் காலமெல்லாம் அழுத்தியது அந்தச் சொல்லே என்பது என் துணிபு.

இங்கே நம் மண்ணைப் பற்றி ஒன்று சொல்லிச் செல்கிறேன். 1908-இல் புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். நம் மன்றங்களில் தண்டிக்கப்பட்டவர் சென்னை உயர்நீதிமன்றப் படியேறும் வழி அன்று இல்லை. சமஸ்தானத்துக்குள்ளேயே முறையீடு முடிந்துவிடும். 1948 மார்ச் 3-இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்த பின்னரே அவ்வழி திறந்தது. 2004 முதல் நம் மாவட்டத்து முறையீடுகள் மதுரைக் கிளைக்குச் செல்கின்றன. நெல்லையின் முறையீடுகளும் அங்கேதான்.

மேல்முறையீடு நிலுவையில் இருந்த மாதங்களிலேயே அவர் கோவைச் சிறையில் இருந்தார். 1910 டிசம்பரில் கண்ணனூருக்கு மாற்றப்பட்டார். அரசியல் கைதிக்குரிய மதிப்பு ஏதுமின்றிக் கடுங்காவல். சணல் கிழிக்கும் கைகளும் செக்கிழுக்கும் தோள்களுமாக இருந்தவர், மனு எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. சட்ட நுணுக்கங்கள் நிறைந்த விண்ணப்பங்கள் சிறையிலிருந்து சென்றவண்ணம் இருந்தன. தொழில் அவரைவிட்டு நீங்கவில்லை. தமிழும் நீங்கவில்லை. ஜேம்ஸ் ஆலனின் நூலைத் தமிழாக்கினார். தம் வரலாற்றை அகவலில் எழுதத் தொடங்கினார். அவ்வரலாறு நூலாக வெளிவந்தது அவர் மறைந்து பத்தாண்டு கழித்து, 1946-இல்.

1912 டிசம்பரில் விடுதலையானார். வரவேற்கக் கூட்டமில்லை. கப்பல் கம்பெனி 1911-இலேயே கலைந்து போயிருந்தது. குற்றத் தீர்மானம் நின்றமையால் வழக்குரைஞர் உரிமமும் பறிபோயிருந்தது. சென்னையில் சிறு வணிகம் செய்து பிழைத்தார், வறுமை தொடர்ந்தது. அவ்வறுமைக்கு நடுவில்தான் 1914-இல் மெய்யறமும், 1915-இல் மெய்யறிவும், 1917-இல் மணக்குடவர் உரையுடன் கூடிய திருக்குறள் அறத்துப்பாலும் வெளிவந்தன. பரிமேலழகரே தீர்ப்பு என்றிருந்த காலத்தில் அவருக்கும் முற்பட்ட ஓர் உரையை அச்சேற்றியது, புலமை உலகில் அவர் தொடுத்த மேல்முறையீடு எனலாம். கவிஞர்களாகிய நீங்கள் இதனை மிகையென்று தள்ளினும் எனக்கு வருத்தமில்லை.

உரிமம் மீண்ட கதை ஒன்று எஞ்சியுள்ளது. நெல்லையில் அவரை அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பிய அதே வாலஸ், பின்னாளில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்தார். சிதம்பரனாரை அவர் நெடுநாள் அறிந்தவர். அவர் துணையால் உரிமம் திரும்பக் கிடைத்தது. 1908-இன் தீர்ப்பு அப்போதும் மாறவில்லை. ஆனால் கறுப்பு அங்கி மீண்டும் தோளேறியது. சிதம்பரனார் கோவில்பட்டியில் வழக்குரைஞராக அமர்ந்தார். 1932-இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். 1936 நவம்பர் 18-இல் அங்கேயே மறைந்தார். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து ஆயுள் தண்டனை ஏற்ற அவர், நன்றி மறவாது தம் கடைசி மகனுக்கு இட்ட பெயர் வாலேஸ்வரன்.